பேனல் வேலைக்கு நட் டிரைவர் (ஸ்குரூடிரைவர் மாதிரி, நுனியில் நட்டுக்கான ஆறுபட்டைக் குழி உள்ளது) தனியாக வேண்டுமா, கால் இஞ்ச் சாக்கெட்டும் கைப்பிடியும் போதுமா?

மின்தச்சன்:

சின்ன கன்ட்ரோல் பேனலும் பம்ப்செட் ஸ்டார்ட்டரும் கட்டும் வேலை. அன்றாடம் புழங்குவது எம்3 முதல் எம்6 வரையிலான (மரை விட்டம் 3 முதல் 6 மி.மீ.) நட்டுகள். பஸ்பாரில் (மின்சாரம் பாயும் உலோகப் பட்டை) மட்டும் எம்8 போல்ட். கையில் இருப்பது கால் இஞ்ச் சதுர டிரைவ் சாக்கெட் செட்: 4 முதல் 13 மி.மீ. வரை சாதா நீள சாக்கெட்டுகள், ஒரு ராட்செட், ஸ்குரூடிரைவர் மாதிரி ஒரு ஸ்பின்னர் கைப்பிடி, 75 மி.மீ. எக்ஸ்டென்ஷன்.

மூன்று இடத்தில் வேலை இழுக்கிறது. கதவில் உள்ள எர்த் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நட்டுக்கு மேலே 20 மி.மீ. நீண்டிருப்பதால், சாக்கெட்டின் அடிப்பகுதி ஸ்டட்டில் இடித்து நின்றுவிடுகிறது, நட்டைத் தொடுவதே இல்லை. எம்4 நட்டை ராட்செட்டில் சுற்றினால், கைப்பிடியைத் திருப்பி எடுக்கும்போது நட்டும் கூடவே பின்னால் வருகிறது. வயரிங் முடிந்த பேனலில் வயர் ஓடும் இரண்டு டக்டுக்கு நடுவே ராட்செட் தலை நுழைவதில்லை.

கடையில் 5 முதல் 13 வரை நட் டிரைவர் செட் ஒன்று இருக்கிறது. அது இதையெல்லாம் தீர்க்குமா? அல்லது டீப் (நீளமான) சாக்கெட் வாங்கி இதே கைப்பிடியில் போட்டால் போதுமா? தண்டு குழாயாக இருக்க வேண்டுமா, கெட்டியாகவா? காந்தம் உள்ளது நல்லதா?

ஆறுமுனை:

வாங்குங்கள், ஆனால் அந்த முழு செட் வேண்டாம். 5.5, 7, 8, 10 மி.மீ. (வரிசையாக எம்3, எம்4, எம்5, எம்6 நட்டுக்கு) ஆகிய நான்கை மட்டும் தனித்தனியாக, நல்ல தரத்தில் வாங்குங்கள். காரணம் முறுக்கு விசையில் இருக்கிறது.

30 மி.மீ. விட்டமுள்ள கைப்பிடியை உள்ளங்கையில் பிடித்து முறுக்கினால் சாதாரணமாக 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரும். வலுவான கை என்றால் இன்னும் கொஞ்சம். 8.8 தர ஸ்டீல் போல்ட்டுக்கு எண்ணெய் இல்லாத நிலையில் தோராயமாக வேண்டியது: எம்3க்கு 1.2, எம்4க்கு 3, எம்5க்கு 6, எம்6க்கு 10, எம்8க்கு 25. ஆக எம்3, எம்4 இரண்டையும் நட் டிரைவராலேயே முழுசாக முடிக்கலாம். எம்5 கை பலத்தைப் பொறுத்தது. எம்6ஐ நட் டிரைவரில் ஓட்டி உட்காரவைத்து, கடைசிக் கால் திருகலுக்கு மட்டும் ராட்செட்டோ ரிங் ஸ்பேனரோ எடுக்க வேண்டும். 13 மி.மீ. நட் டிரைவர் எம்8 நட்டை ஓட்டிக் கொண்டுபோகும், இறுக்காது. பஸ்பார் போல்ட்டை அதில் முடித்துவிட்டுப் போனால் அந்த ஜாயின்ட் ஒருநாள் சூடேறிக் கருகும். ஸ்டட் பித்தளை என்றால் மேலே சொன்ன அளவுகளில் ஏறக்குறைய பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு.

நட் பின்னால் வருவதற்கு ராட்செட்டின் உள்ளே இருக்கும் பால் (பல்லில் விழும் கொக்கி) ஸ்பிரிங் காரணம். கைப்பிடியைத் திருப்பும்போது பல்லின் மேல் பால் ஏறி இறங்க ஒரு சிறு எதிர்ப்பு வேண்டும். அந்த எதிர்ப்பை நட்டுதான் தர வேண்டும். வாஷரில் உட்காராத எம்4 நட்டு மரையில் லூசாக ஓடுவதால் அதனால் தர முடியாது. 72 பல் ராட்செட் வாங்கினாலும் வீசும் கோணம் 5 டிகிரியாகக் குறையுமே தவிர, இந்தப் பிரச்சினை முழுசாகப் போகாது. நட் டிரைவரில் பின்னால் போகும் வேலையே கிடையாது; விரல் நுனியில் உருட்டிக்கொண்டே போகலாம். மரை மாறி ஏறுகிறதா என்பதும் விரலுக்கு உடனே தெரியும். நட்டை வைத்து முதலில் ஒரு சுற்று வரை இடப்பக்கம் திருப்புங்கள். மரை விழும் இடத்தில் சின்னதாக ஒரு தட்டல் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் ஆரம்பித்தால் எம்3 பித்தளை ஸ்டட்கூடக் கெடாது.

இடுக்குக்கும் நட் டிரைவர்தான். கால் இஞ்ச் டிரைவ் சாக்கெட்டின் பின்பக்கம் 6.35 மி.மீ. சதுரத்தை உள்ளே வாங்க வேண்டியிருப்பதால், 5.5 சாக்கெட்டாக இருந்தாலும் பின்னால் 12 மி.மீ. அளவுக்குத் தடித்துவிடும். 5.5 நட் டிரைவரின் வாய் 8 மி.மீ. சுற்றில் இருக்கும், தண்டு அதைவிட மெலிது. தவிர, சாக்கெட், எக்ஸ்டென்ஷன், கைப்பிடி என்று ஒவ்வொரு இணைப்பிலும் பந்துக்குழிக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டு. இரண்டு இணைப்பு சேர்ந்தால் நுனி அலையும்; வயருக்கு நடுவே நட்டின் மேல் நேராக உட்கார வைப்பதே பாடு.

தண்டு குழாயாகத்தான் இருக்க வேண்டும். "ஹாலோ" என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் போதாது. சிலவற்றில் துளை 20, 25 மி.மீ. ஆழத்தோடு முடிந்துவிடும், சிலவற்றில் கைப்பிடி வரை போகும். ஒரு கம்பியை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். உங்கள் எர்த் ஸ்டட் நட்டுக்கு மேலே 20 மி.மீ. என்றால், 10 மி.மீ. டிரைவரில் 30 மி.மீ. ஆழமாவது வேண்டும். துளையின் விட்டமும் முக்கியம். வாய் 10 மி.மீ. ஆறுபட்டையாக இருந்து, உள்ளே துளை 5.5 மி.மீ. என்றால் எம்6 ஸ்டட் அங்கேயே இடிக்கும்.

காந்தம் வேண்டாம். பெரும்பாலான காந்த நட் டிரைவரில் காந்தம் ஆறுபட்டைக் குழியின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்டட் போகும் வழி அடைபடும். பேனலில் டிரில் போட்ட இரும்புப் பொடியையும் அது வாரிக்கொண்டு வந்து கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின்காந்த சுவிட்ச்) பக்கம் கொட்டும். பித்தளை, ஸ்டெயின்லெஸ் நட்டுகளை எப்படியும் பிடிக்காது. நட்டு விழாமல் இருக்க, மெல்லிய பாலித்தீன் துண்டை டிரைவரின் வாயில் வைத்து அதன் மேல் நட்டை அழுத்திச் செருகுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் நிற்கும், கடைசியில் பாலித்தீன் டிரைவரோடு வந்துவிடும்.

டூவீலர்_பட்டறை:

ஆறுமுனை சொல்றது பேனலுக்குச் சரிங்க. ஆனா ஸ்பின்னர் கைப்பிடியை ஓரம் கட்டிடாதீங்க. டீப் சாக்கெட் 8, 10 ரெண்டு மட்டும் வாங்கிப் போட்டீங்கன்னா எம்5, எம்6 வேலை பாதி அதுலயே முடியும். சில ஸ்பின்னர் கைப்பிடிக்குப் பின்னாடி கால் இஞ்ச் சதுரக் குழி இருக்கும். முன்னாடி சாக்கெட், பின்னாடி ராட்செட். கையில உருட்டி உட்கார வச்சுட்டு, டூலை எடுக்காமலே பின்னாடி ராட்செட்டைச் செருகி கடைசி இறுக்கு இறுக்கிடலாம். நட் டிரைவர்ல அந்த வசதி அபூர்வம்.

எம்6 போல்ட்டா வரிசையா இருந்தா எங்க பக்கம் டி ஸ்பேனர்தான். வண்டியில ஃபேரிங், இன்ஜின் கவர் எல்லாம் பெரும்பாலும் எம்6. ஃபிளாஞ்ச் தலையா இருந்தா 8 மி.மீ., சாதா ஆறுபட்டைத் தலைன்னா 10. நடுத்தண்டை விரலால சுத்தினா போல்ட் சர்ருன்னு ஓடும், கடைசியில குறுக்குக் கம்பியைப் பிடிச்சு இறுக்கலாம். ஆனா இங்கதான் கவனம் வேணும். குறுக்குக் கம்பி 200 மி.மீ.ன்னா ரெண்டு கையும் 10 கிலோ விசை கொடுத்தாலே 20 நியூட்டன் மீட்டர் ஆயிடும். இன்ஜின் கவர் எம்6க்கு வேண்டியது 10தான். அலுமினியத்துல இருக்கிற மரை அப்படியே உருவிக்கிட்டு வந்துடும். ஒரு கையால, கம்பி தண்டோட சேர்ற இடத்துலயே பிடிச்சு இறுக்கினா அளவுக்குள்ள நிக்கும்.

நட் டிரைவரை விட நல்ல டூலே இல்லைன்னு ஒரு இடம் இருக்கு: ஹோஸ் கிளிப். ஏர் ஃபில்டர் பூட், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் டியூப் எதுவா இருந்தாலும் 7 மி.மீ. நட் டிரைவர். ஃபிளாட் ஸ்குரூடிரைவர் போட்டா வழுக்கி ஹோஸைக் குத்தும், இல்லேன்னா கையைக் குத்தும். ராட்செட் போட்டா பட்டையில இருக்கிற பல் உருவிடும். 9, 12 மி.மீ. அகலப் பட்டைக்கு 3லிருந்து 5 நியூட்டன் மீட்டர் போதும். கை கொடுக்கிற அளவும் அதேதான். அமெரிக்க மாடல் கிளிப்பா இருந்தா தலை 5/16 இஞ்ச், அதுக்கு 8 மி.மீ. சரியா உட்காரும். கை போகாத இடத்துக்கு ஃபிளெக்ஸிபிள் தண்டு வச்ச 7 மி.மீ. டிரைவர் வருது. அது உள்ளுக்குள்ள முறுக்கிக்கும், அதனால எவ்வளவு இறுகுச்சுன்னு கைக்குத் தெரியாது. ஓட்டறதுக்கு மட்டும் அதை வச்சுக்குங்க.

சாலிடர்புகை:

ஒல்லி நட்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பேனல் கதவில் டோக்கிள் சுவிட்ச், பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருகி அளவை மாற்றும் பாகம்) மாட்டுபவர்களுக்கு அதுதான் முதல் தலைவலி.

சின்ன டோக்கிள் சுவிட்ச் நட்டு பொதுவாக 8 மி.மீ., சாதா பொட்டென்ஷியோமீட்டர் நட்டு 10 மி.மீ. இரண்டும் 2 மி.மீ. தடிமன்தான் இருக்கும். சாக்கெட்டும் நட் டிரைவரும் நட்டின் மேல் சுலபமாக ஏற வேண்டும் என்று வாயின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார்கள். மலிவான டூலில் அந்தச் சரிவே ஒன்றரை மி.மீ. வரை போகும். அப்போது 2 மி.மீ. நட்டில் மிச்சம் அரை மி.மீ. மட்டும்தான் பிடிமானம். இறுக்கும்போது நழுவி நட்டின் முனைகள் உருண்டுவிடும், பெயின்ட் அடித்த கதவில் வட்டமாகக் கீறலும் விழும்.

தீர்வு எளிது. அந்த அளவு டிரைவர் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, அதன் வாயை பெஞ்ச் கிரைண்டரின் பக்கவாட்டில் அல்லாமல் தட்டையான ஆயில் ஸ்டோனிலோ, கண்ணாடி மேல் ஒட்டிய எமரி பேப்பரிலோ சரிவு மறையும்வரை தேய்த்துவிடுங்கள். கிரைண்டரில்தான் முடியும் என்றால் ஓரிரு நொடி தொட்டு உடனே தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு முனை விரியும். தேய்த்தபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை ஊசி அரத்தால் எடுத்துவிடுங்கள். கதவில் கீறல் விழாமலிருக்க நட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுவதும் நல்ல பழக்கம்.

பொட்டென்ஷியோமீட்டர் தண்டு 6 மி.மீ. விட்டம், நீளம் 15 முதல் 50 மி.மீ. வரை எப்படியும் இருக்கலாம். துளை ஆழம் பற்றி ஆறுமுனை சொன்னது இங்கே இன்னும் கறாராகப் பொருந்தும். இந்த நட்டுக்கு அதிக இறுக்கம் கூடாது; பாகம் சுழலாமல் நின்றால் போதும், மிஞ்சினால் உள்ளே இருக்கும் தட்டு வளையும். இரண்டு விரலால் கைப்பிடியின் கழுத்தைப் பிடித்து இறுக்குவதோடு நிறுத்துங்கள்.

இஞ்ச் அளவுகள்: வெளிநாட்டுப் பழைய உபகரணம், சில கம்ப்யூட்டர் கேபினெட் ஸ்குரூ எல்லாம் கால் இஞ்ச் தலை, அதாவது 6.35 மி.மீ. அதில் 6 ஏறாது, 6.5 கொஞ்சம் ஆடும், 7 உருட்டிவிடும். இதற்குக் கால் இஞ்ச் நட் டிரைவர் ஒன்று தனியாக வேண்டும். 5/16க்கு 8 பொருந்தும், 7/16க்கு 11 பெரும்பாலும் பொருந்தும். 3/8 என்பது 9.53, அதில் 10ஐப் போட்டு இறுக்கவே கூடாது. அமெரிக்கத் தயாரிப்பு நட் டிரைவர்களில் கைப்பிடி நிறமே அளவைச் சொல்லும்: கால் இஞ்ச் சிவப்பு, 5/16 மஞ்சள், 3/8 நீலம். மி.மீ. செட்டில் அப்படி ஒரே வழக்கம் இல்லை என்பதால் கைப்பிடியின் பின்முனையில் அளவைப் பெயின்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டூல் பையில் நின்றபடியே தெரியும்.

மின்தச்சன்:

எல்லோருக்கும் நன்றி. 5.5, 7, 8, 10 என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பேட்டரி பேங்க் உள்ள பேனலில் லிங்க் (செல்களை இணைக்கும் பட்டை) நட்டுகளை இறுக்க இந்த நட் டிரைவரையே எடுக்கலாமா? கைப்பிடி பிளாஸ்டிக்தானே. அடுத்தது நைலாக் நட்டு (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது). எம்6 நைலாக் என்றால் பாதியிலேயே மணிக்கட்டு வலிக்கிறது, அதற்கு நட் டிரைவர் சரிவருமா?

பேட்டரிரூம்:

எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் அது இன்சுலேட்டட் டூல் ஆகிவிடாது. தண்டு முழுக்க வெறும் இரும்பு. ஒரு முனை பாசிட்டிவ் நட்டில் இருக்கும்போது தண்டு அதே செல்லின் நெகட்டிவையோ கேபினெட் உடலையோ தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். டூலின் நுனி உருகித் தெறிக்கும், பேட்டரிப் பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் வெடிக்கும். 12 வோல்ட் பேங்க் என்றால் ஷாக் அடிக்காது. அதனாலேயே பலர் அசட்டையாக இருக்கிறார்கள். இங்கே ஆபத்து வோல்டேஜில் இல்லை, கரன்ட்டில்.

வேண்டியது ஐஇசி 60900 தரத்தில் சோதித்த, 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணக் குறியும் பொறித்த இன்சுலேட்டட் நட் டிரைவர். அதில் வாய் முனையைத் தவிர தண்டு முழுக்க உறை இருக்கும். டேப் சுற்றிய சாதா டிரைவர் அதற்கு மாற்று ஆகாது. டேப் நகரும், எண்ணெய் பட்டால் கழன்றுகொள்ளும், உள்ளே ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. உறையால் வாய்ப்பக்கம் தடிமன் கூடுவதால் டெர்மினல் கவரின் குழிக்குள் நுழைகிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். உறையில் வெட்டோ விரிசலோ தெரிந்தால் அந்த டூலை மின்வேலைக்கு மறுபடி எடுக்கக் கூடாது.

நெகட்டிவ் எர்த் செய்த அமைப்பு என்றால் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எர்த் செய்யாத பேங்கில் இந்த வரிசை மட்டும் காப்பாற்றாது. நடுவில் உள்ள லிங்க் ஒன்றைக் கழற்றி வரிசையை இரண்டாகப் பிரித்துவிட்டு வேலை பாருங்கள். மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். கடைசி இறுக்கத்துக்கு பேட்டரியின் மேலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பார்த்து இன்சுலேட்டட் டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்). ஈய டெர்மினல் மெத்தென்றிருக்கும். அழுத்தி இறுக்கினால் ஈயம் பிதுங்கி, நாளடைவில் ஜாயின்ட் தானாகவே தளரும்.

ஆறுமுனை:

நைலாக் பற்றி. எம்6 நைலாக் நட்டு முதல் தடவை ஏறும்போது நைலான் வளையத்தின் பிடிப்பு மட்டுமே 3 நியூட்டன் மீட்டர் வரை இருக்கலாம். எம்4க்கு 0.9 வரை, எம்8க்கு 6 வரை. மேலே சொன்ன கைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்6 நைலாக்கை நட் டிரைவரில் ஏற்றும்போது கையின் பலத்தில் பாதிக்கு மேல் வளையத்தைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வளையம் தொடும்வரை நட் டிரைவர், அங்கிருந்து ராட்செட். இங்கே ராட்செட் பின்னால் இழுக்காது, ஏனென்றால் வளையமே நட்டைப் பிடித்துக்கொள்கிறது. உங்களிடம் உள்ள ராட்செட் சும்மா கிடக்காது.

டார்க் ரென்ச்சில் இறுக்கும்போது இந்த வளையப் பிடிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நட்டு வாஷரைத் தொடுவதற்கு முன் சுற்ற எவ்வளவு ஆகிறது என்று பார்த்து, அதை வேண்டிய அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் என்றால் வேகம் ஆகாது. வேகமாக ஓட்டினால் உரசும் இடம் சூடேறி மரைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். பிறகு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் துளி ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டாமல் தடுக்கும் மசகு) தடவி, கையால் நிதானமாக. தடவினால் உராய்வு குறைவதால் இறுக்கும் அளவையும் குறைக்க வேண்டும்.

கூரைத்தகடு:

டிரில்லில் மாட்டும் நட் செட்டரையும் நட் டிரைவர் என்றே கடைகளில் கொடுக்கிறார்கள். கேட்கும்போது "கைப்பிடி உள்ளது" என்று சொல்லிக் கேளுங்கள். நட் செட்டரின் பின்பக்கம் கால் இஞ்ச் ஆறுபட்டை, வாயில் காந்தம். கூரை செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவில் 8 மி.மீ. தலைக்கு அதுதான் சரி. பேனல் ஸ்டட்டுக்கு ஆகாது, காந்தம் வழியை அடைக்கும். கூரையில் போடும்போது டிரில்லின் கிளட்சை, ரப்பர் வாஷர் உலோக வாஷரின் விளிம்புக்குச் சற்றே வெளியே தெரியும் அளவில் நிற்கும்படி வையுங்கள். ரப்பர் பிதுங்கிப் பூவாக விரிந்தால் வெயிலில் வெடித்து ஒழுகும்.

மின்தச்சன்:

கடைக்குப் போகும்போது எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஆறுமுனை:

எம்3, எம்4, எம்5, எம்6 புது நட்டு ஒவ்வொன்று பையில் எடுத்துப் போங்கள். நட்டு வாய்க்குள் அழுத்தாமல் போக வேண்டும், போன பிறகு இடவலம் திருப்பினால் ஆட்டம் அரிதாகவே தெரிய வேண்டும். 12 முனை வாய் வேண்டாம், ஆறு முனைதான். நட்டின் பட்டையோடு முழுசாகச் சேரும், முனையை உருட்டாது.

தண்டை மேசை மேல் உருட்டிப் பாருங்கள். வாய் மேலும் கீழும் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்து, வாயை இன்னொரு கையால் துணி வைத்து முறுக்குங்கள். கைப்பிடிக்குள் தண்டு துளியும் அசையக் கூடாது. மலிவான செட்டில் முதலில் கெடுவது இந்த இணைப்புதான். நீளத்தில் 125 மி.மீ. தண்டு பேனலுக்குப் போதும். இன்னும் நீளமானது கான்டாக்டர் மேலே எட்டும், ஆனால் கை சாய்ந்தால் நட்டு சாய்வது அதிகம்.

10 மி.மீ. மட்டும் கைப்பிடிக்குக் கீழே ஆறுபட்டைக் காலர் உள்ளதாகக் கிடைத்தால் அதை எடுங்கள். துருப்பிடித்த எம்6 நட்டைக் கழற்ற அந்தக் காலரில் ரிங் ஸ்பேனரைப் போட்டு உதவி கொடுக்கலாம். அளவோடுதான், குழாய்த் தண்டில் ஸ்பேனர் போட்டு மிஞ்சி முறுக்கினால் வாய் விரியும்.